வெளிநாட்டு செமஸ்டர்: பன்னாட்டு உறவு அலுவலகங்களுக்கும் தேர்வுத் துறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பன்னாட்டு உறவு அலுவலர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகிறவருக்கு என்னென்ன சிரமம் வரும் என்று கேட்டால் குளிர், மொழி, தனிமை என்று பட்டியல் நீளும். அவற்றை மாணவர்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். அவர்களால் சமாளிக்க முடியாதது ஊர் திரும்பிய பிறகு உங்கள் மேசையில் தொடங்குகிறது. அங்கே ஐந்து பாடங்களிலும் தேறி வந்தவருக்கு இங்கே மூன்றைத்தான் ஏற்கிறார்கள். மற்ற இரண்டும் அரியர். படித்தது வீண் என்பதோடு, அந்த இரண்டையும் அடுத்த செமஸ்டர் பாடங்களோடு சேர்த்துச் சுமக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை மாணவர் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் திரும்பி வந்ததும் அந்தக் கையெழுத்தை நீங்களே மதியுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிய படம் வரவேற்பறையில் தொங்குகிறது, ஆனால் பாட ஈட்டுப் பட்டியல் என்று ஒரு தாள்கூடக் கோப்பில் இல்லை என்ற நிலைதான் பல இடங்களில்.

முதலில் கிரெடிட் கணக்கு, ஏனென்றால் தகராறு அதிகம் வருவது அங்கேதான். ஐரோப்பாவின் இ.சி.டி.எஸ். எனும் கிரெடிட் மாற்ற முறையில் முழுநேரப் படிப்பு ஓராண்டுக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்த நேரம் மட்டுமல்ல, நூலகத்தில் படித்தது, கட்டுரை எழுதியது, தேர்வுக்குத் தயாரானது எல்லாம் அதில் அடக்கம். பிரிட்டனில் அதே ஓராண்டு உழைப்புக்கு 120 கிரெடிட். அமெரிக்காவிலோ செமஸ்டருக்குச் சுமார் 15தான். அது வாராந்தர வகுப்பு நேரத்தை ஒட்டி எழுந்த கணக்கு. ஆக ஒரே செமஸ்டர் ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 60, வேறோரிடத்தில் 15.

இது தெரியாமல் செய்யும் தவறு இரண்டு வகை. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் வகை: அங்கே 6 கிரெடிட் என்றால் இங்கேயும் 6. இது மாணவருக்குச் சாதகம் போலத் தெரிந்தாலும் அமெரிக்காவிலிருந்து 3 கிரெடிட் பாடத்தோடு வருகிறவரை மோசமாகத் தண்டிக்கும். இரண்டாவது வகைதான் பரவலானது. "வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தானே வகுப்பு, இதற்கு எப்படி நான்கு கிரெடிட் தருவது?" என்ற கேள்வி. வகுப்பு குறைவாகவும் சுயபடிப்பு அதிகமாகவும் இருக்கும்படி வடிவமைத்த பாடத்தை வகுப்பு நேரத்தால் மட்டும் அளந்தால் அது எப்போதும் குறைந்தே தெரியும்.

முழு செமஸ்டருக்கு முழு செமஸ்டர் ஈடு என்பதே சரியான அளவுகோல். உங்கள் கல்லூரியில் அந்த செமஸ்டருக்கு 22 கிரெடிட், அங்கே 30 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 22-க்கு 30. அங்கே 6 கிரெடிட் கொண்ட ஒரு பாடம் இங்கே 4.4 ஆகும். இந்த இடத்தில்தான் ஒரு சின்னக் கொள்ளை நடக்கிறது. பாடத்துக்குப் பாடம் 4.4 என்பதை 4 என்று முழுமையாக்கினால், ஐந்து பாடத்துக்கு 20. முழுச் சுமையோடு படித்து, எல்லாவற்றிலும் தேறியும், 2 கிரெடிட் காணாமல் போகிறது. அந்த 2 கிரெடிட்டுக்காகப் பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகலாம். முழுமையாக்குவதைக் கூட்டுத்தொகையில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது பாடத்திட்டப் பொருத்தம். இரண்டு சிலபஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலகு அலகாக ஒப்பிட்டு, "நான்காம் அலகு அங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் உள்ளூரிலேயே இரண்டு கல்லூரிகளின் பாடம் பொருந்தாது. உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்காக 1997இல் உருவான லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கையும் யுனெஸ்கோ 2019இல் ஏற்றுக்கொண்டு 2023இல் நடைமுறைக்கு வந்த உலக அளவிலான உடன்படிக்கையும் இதைத் தலைகீழாக அணுகுகின்றன. பொருந்துகிறது என்று மாணவர் நிரூபிக்கத் தேவையில்லை. குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால் அதை ஏற்க மறுக்கும் நிறுவனம்தான் காட்ட வேண்டும். உங்கள் நாடு அதில் கையெழுத்திட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அணுகுமுறையைக் கடன் வாங்குவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. "இந்தப் பாடத்தை விட்டால் அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தில் தடுமாறுவார்?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் "எதிலும் இல்லை" என்றால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

"தடுமாறுவார்" என்று பதில் வரும் பாடங்களும் உண்டு. ஆய்வகம் கொண்ட அடிப்படைப் பாடம், அடுத்தடுத்த இரண்டு பாடங்களுக்கு முன்தேவையான பாடம், தொழில்முறை அமைப்புகள் கட்டாயமாக்கிய பாடம் ஆகியவற்றை வெளிநாட்டு செமஸ்டரில் வைக்காதீர்கள். விருப்பப் பாடங்கள் அதிகமுள்ள செமஸ்டரைத் துறையே முன்கூட்டி அடையாளம் கண்டு, "இந்தச் செமஸ்டரில் போகலாம்" என்று பாடத்திட்டத்திலேயே ஒரு ஜன்னல் திறந்து வைப்பதே சிறந்த ஏற்பாடு. இறுதி ஆண்டு வேண்டாம். செயல்திட்டமும் வேலைவாய்ப்பு நேர்காணல்களும் ஒரே நேரத்தில் வரும். அங்கிருந்து வரவேண்டிய டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், தாமதமானால் பட்டமளிப்பே கைவிட்டுப் போகும்.

கற்றல் ஒப்பந்தம் என்ற படிவத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் இதற்கு நிலையான வடிவம் இருக்கிறது: ஒரு பட்டியலில் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், இன்னொன்றில் அவற்றுக்கு ஈடாக இங்கே ஏற்கப்படும் பாடங்கள், கீழே மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி என மூன்று கையெழுத்து. இரண்டாம் பட்டியலை நிரப்பாமல் கையெழுத்துப் போடும் கல்லூரிகள் உண்டு. இந்தப் படிவத்தின் உயிரே அந்த இரண்டாம் பட்டியல்தான். முதல் பட்டியல் மட்டும் இருந்தால், மாணவர் அங்கே என்ன படித்தார் என்பதற்கு அது சாட்சி. இங்கே அவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உறுதியும் இல்லை. எராஸ்மஸ் அல்லாத இருதரப்புப் பரிமாற்றங்களுக்கும் இதே வடிவத்தைப் பின்பற்றலாம்.

ஐந்து பாடம் தேவைப்பட்டால் எட்டுப் பாடங்களுக்கு ஒப்புதல் கொடுங்கள். கிளம்பும் முன் தேர்ந்த பாடங்கள் அப்படியே கிடைப்பது அரிது. மாணவர் பார்த்தது சென்ற ஆண்டின் பாடப் பட்டியலாக இருக்கும், அந்தப் பேராசிரியர் இந்த ஆண்டு விடுப்பில் இருப்பார். இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் வரும். பரிமாற்ற மாணவர்களுக்கான இடங்கள் தீர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் நடத்துவதாகப் பட்டியலில் போட்ட பாடம், போதிய ஆட்கள் சேராததால் உள்ளூர் மொழிக்கு மாறியிருக்கும். இவை எதுவும் மாணவரின் கவனக்குறைவு அல்ல. எனவே முதல் இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் கேட்டு மின்னஞ்சல் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். அங்கே பாடம் சேர்க்க, நீக்கக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. பாடக் குழு அடுத்த மாதம் கூடும் என்று நீங்கள் பதில் எழுதும்போது அந்த நாள் கடந்திருக்கும். ஐந்து வேலை நாளுக்குள் பதில், மின்னஞ்சல் ஒப்புதலே செல்லும், ஒருங்கிணைப்பாளர் விடுப்பில் போனால் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட இன்னொருவர்: இந்த மூன்றையும் விதியாக எழுதிவிட்டால் போதும்.

ஸ்வீடனுக்கு அனுப்புகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல துறைகளில் ஐந்து பாடங்களை ஒரே நேரத்தில் நடத்துவதில்லை. 7.5 கிரெடிட் பாடம் ஒன்றை முழுநேரமாக ஐந்து வாரம் நடத்தித் தேர்வையும் முடித்து, அடுத்த பாடத்துக்குப் போவார்கள். முதல் பாடத்துக்கும் கடைசிப் பாடத்துக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி. எனவே பாட மாற்றக் கோரிக்கை செமஸ்டரின் நடுவிலும் வரலாம். "மாற்றம் முதல் மூன்று வாரத்தில் மட்டும்" என்று நீங்கள் போட்ட விதி அங்கே பொருளற்றது.

நாள்காட்டி மோதலும் இதற்குச் சளைத்ததல்ல. ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். தேர்வுகள் அதற்குப் பிறகு, சில சமயம் மார்ச்சிலும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி இறுதியையொட்டித் தொடங்கி ஜூன் வரை, இரண்டாவது ஜூலையிலிருந்து நவம்பர் வரை. உங்கள் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் தொடங்குமானால், ஜெர்மனியில் இருக்கும் மாணவர் பிப்ரவரியில் அங்கே தேர்வு எழுதுவாரா, இங்கே வருகைப்பதிவு வாங்குவாரா? இரண்டையும் செய் என்று சொல்லும் சுற்றறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தாமதச் சேர்க்கைக்கு அனுமதியும், வருகைப்பதிவைத் திரும்பிய நாளிலிருந்து கணக்கிடும் விதியும் இல்லாமல் குளிர்கால செமஸ்டருக்கு யாரையும் அனுப்பக் கூடாது. தேர்வை முன்கூட்டி நடத்தித் தரும்படி கேட்பதானால் செமஸ்டர் தொடங்கும் முன்பே அலுவலகம் எழுத வேண்டும். ஜனவரியில் மாணவர் தனியாகப் போய்ப் பேராசிரியரிடம் கெஞ்சினால் நடக்காது.

மறுதேர்வைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தில் தவறினால் சில வாரமோ மாதமோ கழித்து மறுதேர்வு உண்டு. ஆனால் மாணவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார். அந்த ஒரு தேர்வை உங்கள் வளாகத்திலேயே, உங்கள் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத விடலாமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். தேர்வு அறை, கண்காணிப்பாளர், விடைத்தாளை ஸ்கேன் செய்து அனுப்பும் பொறுப்பு ஆகியவற்றை நீங்கள் ஏற்றால் ஒப்புக்கொள்ளும் துறைகள் இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இங்கே தேர்வு வையுங்கள். ஒன்றில் தவறியதற்காக முழு செமஸ்டரையும் செல்லாது என்று அறிவிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

இனி மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி. இத்தாலியில் 30க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. பிரான்சில் 20க்கு 10 தேர்ச்சி; 14 வாங்கினால் 'நன்று', 16 வாங்கினால் 'மிக நன்று'. பிரிட்டனில் 40 தேர்ச்சி, 70 முதல் வகுப்பு. நெதர்லாந்தில் 10க்கு 8 நல்ல மதிப்பெண், 9 அபூர்வம், 10 கேள்விப்படுவதோடு சரி. இவற்றை நூற்றுக்கு மாற்றப் பெருக்கல் போடுகிற எழுத்தர் பிரெஞ்சு 14-ஐ 70 ஆக்குவார், டச்சு 8-ஐ 80 ஆக்குவார், ஜெர்மன் 1.3-ஐ என்ன செய்வது என்று தெரியாமல் கோப்பை மூடிவைப்பார்.

இதற்கு 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண் வரும். பிரெஞ்சு 14-ஐப் போட்டுப் பாருங்கள்: 6-ஐ 10ஆல் வகுத்தால் 0.6, மும்மடங்கு 1.8, ஒன்று கூட்டினால் 2.8. பிரான்சில் 'நன்று' வாங்கியவர் ஜெர்மன் அளவில் 'திருப்திகரம்' என்று ஒரு படி இறங்கிவிட்டார். ஆசிரியர்கள் 20 வரை தாராளமாக மதிப்பெண் போடுவார்கள் என்று சூத்திரம் நம்புகிறது. பிரெஞ்சு ஆசிரியர்கள் போடுவதில்லை. சூத்திரம் எளிது என்பதால் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சரி, ஆனால் அது நடுநிலையானது என்று சொல்லாதீர்கள்.

இ.சி.டி.எஸ். கையேடு பரிந்துரைப்பது வேறு வழி. அந்தத் துறையில் தேறியவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த மதிப்பெண் வாங்கினார்கள் என்ற பரவல் அட்டவணையை டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்துக் கேட்பது. அங்கே மேல்தட்டு 15 சதவீதத்தில் இருப்பவரை இங்கேயும் மேல்தட்டு 15 சதவீதத்தினர் வாங்கும் கிரேடில் வைப்பது. உங்கள் பக்கத்துப் பரவல் அட்டவணையும் தேவை என்பதால் சில தேர்வுத் துறைகள் இதைத் தட்டிக்கழிக்கின்றன. தரவு உங்கள் கணினியிலேயே இருக்கிறது, எடுத்துப் போட்டால் ஆயிற்று.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், வெளிநாட்டுப் பாடங்களைத் 'தேர்ச்சி' என்று மட்டும் பதிந்து, சராசரியில் சேர்க்காமல் விடலாம். ஒரே ஒரு செமஸ்டருக்கு நாங்கள் விரும்புவது இதைத்தான். சராசரி கெடும் என்ற பயம் இல்லாததால் மாணவர் கடினமான பாடத்தைத் துணிந்து எடுப்பார். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் தேவைப்பட்டால் அசல் டிரான்ஸ்கிரிப்டைக் காட்டலாம். எந்த முறையானாலும் அதைக் கிளம்பும் முன் அறிவியுங்கள். மதிப்பெண் வந்த பிறகு முறையைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரியை யாரும் நம்ப மாட்டார்கள்.

விசா விஷயத்தில் உங்கள் பங்கு சிறிது, ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். உங்கள் அலுவலகம் மாணவர் பெயரை முன்மொழிந்தால்தான் அங்கே விண்ணப்பம் திறக்கும்; விண்ணப்பித்தால்தான் அனுமதிக் கடிதம்; கடிதம் இருந்தால்தான் விசா நேர்காணல். முன்மொழிவை மூன்று வாரம் தள்ளிப்போட்டால் அந்த மூன்று வாரமும் கடைசியில் விசாவில் வந்து இடிக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஒரு செமஸ்டர் அதைத் தாண்டும் என்பதால் அந்தந்த நாட்டின் நீண்டகால டி வகை விசா வேண்டும். அனுமதிக் கடிதத்தில் முடியும் தேதியைப் பாருங்கள். கடைசி வகுப்பு நாளோடு கடிதம் முடிந்து, தேர்வுகள் அதற்குப் பிறகு இருந்தால், தேர்வுக்கு முன்பே விசா காலாவதியாகும். தேர்வுக் காலமும் சேர்த்துக் கடிதம் கேளுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும், முதலெழுத்தை விரித்து எழுதியிருந்தால் அதே விரிவு.

காப்பீட்டில் மலிவான சுற்றுலாப் பாலிசியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அமெரிக்காவின் ஜே-1 எனும் பரிமாற்ற விசாவுக்கு விதி தெளிவாக இருக்கிறது: ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000, உடலை ஊருக்கு அனுப்ப 25,000, கையிலிருந்து கட்டும் பங்கு ஒவ்வொரு முறையும் 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. இப்படி விதி வகுக்காத நாட்டுக்குப் போனாலும் இந்த நான்கு வரிகளையும் பாலிசியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மனநல சிகிச்சையும் ஏற்கெனவே இருக்கும் நோயும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மருந்துகளிலும் கவனம் தேவை. ஒரு நாட்டில் மருத்துவர் சாதாரணமாக எழுதித் தரும் மருந்து இன்னொரு நாட்டில் சட்டவிரோதம். கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது, சீட்டு இருந்தாலும்.

அமெரிக்கா போனவரை "அந்தப் பாடம் பொருந்தவில்லை, விட்டுவிடு" என்று நடுவில் எழுதும்முன் ஒரு கணம் நில்லுங்கள். இளநிலை மாணவர் பொதுவாக 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் முழுநேர மாணவர் என்ற நிலையே போகும், அதோடு விசாவும் ஆட்டம் காணும். வீட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துமூல உறுதி தேவை. அந்த உறுதி தர மறுக்கும் தற்காலிக அறைகளில் போய்த் தங்கினால் பதிவு நிற்கும், தங்கும் அனுமதியும் பின்னால் நிற்கும். அறை பிடிக்கும் முன்பே இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பரிமாற்ற ஒப்பந்தத்தின் அடிப்படை, மாணவர் தன் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுவார், அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது என்பது. காலியாகக் கிடக்கும் விடுதி அறைக்கும், இங்கே எழுதாத தேர்வுக்கும் கட்டணம் கேட்பது அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

திரும்பும் நேரத்தில் மாணவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இப்போதே அவருக்கு எழுதிக் கொடுங்கள். சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் போட்டு அங்குள்ள அலுவலகம் கையெழுத்திட்ட சான்று. கடைசியாக மாற்றிய கற்றல் ஒப்பந்தம், மூன்று கையெழுத்தோடு. ஒவ்வொரு பாடத்தின் முழு விவரப் பக்கமும் பிடிஎஃப் கோப்பாக. பல்கலைக்கழக மின்னஞ்சலும் பாடத் தளமும் செமஸ்டர் முடிந்து சில வாரங்களில் மூடப்படும். பிறகு நீங்கள் கேட்கும் சிலபஸை அவரால் எடுக்கவே முடியாது. மதிப்பிட்டுத் திருப்பித் தந்த கட்டுரைகளையும் அப்போதே இறக்கிவைக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் நேராக உங்களுக்கே வரும். மாணவர் கைப்பட வாங்கி வர வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள், அவர் கிளம்பும் நாளில் மதிப்பெண்கள் பெரும்பாலும் வந்திருக்காது. வந்த பிறகு அதை உங்கள் பதிவேட்டில் ஏற்ற ஐந்து வாரம் தாராளம். அதுவரை மாணவர் பெயருக்கு எதிரே 'வராதவர்' என்றோ 'அரியர்' என்றோ போடாமல் 'முடிவு எதிர்பார்ப்பில்' என்று போடுங்கள். அரியர் என்று ஒருமுறை கணினியில் ஏறினால் உதவித்தொகைப் பட்டியலிலிருந்தும் வேலைவாய்ப்புப் பட்டியலிலிருந்தும் பெயர் தானாக விழுந்துவிடுகிறது. பிறகு திருத்தினாலும் அந்த நேர்காணல் திரும்ப வராது.

இந்த செமஸ்டரில் ஏற்கெனவே வெளியே இருக்கும் மாணவர்களின் கோப்புகளை முதலில் எடுங்கள். இரண்டாம் பட்டியல் காலியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த வாரத்துக்குள் எழுதி, அவர் இப்போது உண்மையில் எந்தெந்தப் பாடங்களில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு, ஈடு எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவு அதன் பிறகு.

இப்படிக்கு,
பரிமாற்ற மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்கள்